எங்கள் வீட்டுக் குழப்படிகள்



என் குரலைக் கேட்டதும் சிலர் றேடியோவின் சத்தத்தைக் குறைத்திருப்பீர்கள். ஜனவரி 31 வருமுன் வரிப் படிவத்தை அனுப்புங்கள், பற்றுச்சீட்டுகளைச் சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டு வைக்காதீர்கள் என்று ஆண்டுதோறும் உங்களை நச்சரிப்பவன் நான். பயப்படாதீர்கள், இன்று அந்தப் பேச்சே இல்லை. இன்று நான் எடுத்துக்கொண்ட விடயம், நம் வீடுகளில் தவழ்ந்தும் தத்தியும் திரிகின்ற சின்னஞ்சிறுசுகளின் குழப்படி.

என் பேத்திக்கு இப்போது 17 மாதம். மகளும் மருமகனும் வேலைக்குப் போவதால் கிழமையில் மூன்று நாள் அவள் எங்களிடம்தான். காலை எட்டு மணிக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியதும் அவளுடைய கடமை ஆரம்பமாகும். முதலாவது வேலை, குசினியின் கீழ்த்தட்டைத் திறந்து சட்டி, மூடி, அகப்பை எல்லாவற்றையும் நிலத்தில் பரப்புவது. இரண்டாவது, அம்மம்மாவின் செருப்பைக் கொண்டுவந்து என் காலில் மாட்டிப் பார்ப்பது. அளவு பொருந்தாவிட்டால் எனக்குத்தான் ஏச்சு. மூன்றாவது, வாழைப்பழத்தைக் காதில் வைத்து "அல்லோ" சொல்வது. சொல்லிவிட்டுச் சும்மா நிற்கமாட்டாள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, அறையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடப்பாள். நான் தொலைபேசியில் பேசும்போது அப்படித்தான் நடக்கிறேன் என்பது அவள் நடந்து காட்டும்வரை எனக்குத் தெரியாது.

ஒருமுறை ரிவி றிமோட் காணாமற்போனது. கதிரைக்குக் கீழே, கட்டிலுக்குப் பின்னே என்று இரண்டு நாள் தேடினோம். மூன்றாம் நாள் மனைவி உலைக்கு அரிசி அள்ளப் போனா. குசினியிலிருந்து குரல் வந்தது: "இஞ்சேருங்கோ, உங்கட நியூஸ் அரிசி வாளிக்குள்ள கிடக்குது."

வெள்ளிக்கிழமை விளக்கேற்றி நாங்கள் கண்ணை மூடிக் கும்பிடுவோம். திறந்து பார்த்தால் படைத்த வாழைப்பழத்தில் பாதி இல்லை. விபூதித் தட்டம் வெறுமையாக இருக்கும். துணிக் கரடியின் முகம் முழுக்கத் திருநீறு.

அவளுக்கு முதற் பல் தெரிந்தபோது ஊர் முறைப்படி பல்லுக்கொழுக்கட்டை கொட்டினோம். இளம் தாய்மாருக்காகச் சொல்கிறேன். கொழுக்கட்டை அவித்து, அதில் தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போலக் குத்தி, பிள்ளையை இருத்தி, தலைக்கு மேல் துணி பிடித்துக் கொட்டுவார்கள். முன்னால் புத்தகம், பேனை, நகை, காசு என்று பரப்பி வைப்பார்கள். பிள்ளை எதைத் தொடுகிறதோ அதை வைத்து எதிர்காலம் சொல்வார்கள். நானும் ஒருவருக்கும் சொல்லாமல் என் கணக்குப் பொறியைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். மருமகன் விளையாட்டு ஸ்ரெதஸ்கோப் ஒன்றை வைத்தார். பிள்ளை எல்லாவற்றையும் ஒரு கையால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, பக்கத்திலிருந்த மாமியின் சேலைத் தலைப்பைப் பிடித்து வாய்க்குள் வைத்தது. "புடவைக்கடை முதலாளி" என்று சபை தீர்ப்புச் சொன்னது.

நேயர்களே, இதையெல்லாம் நாம் குழப்படி என்கிறோம். ஆனால் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது வேலை. கரண்டியை எடுத்துக் கொடுக்கக் கொடுக்கக் கீழே போடுகிற பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். நமக்கு முதுகு நோகும். அதற்கு அலுப்பே வராது. ஷான் பியாஜே என்ற சுவிஸ் நாட்டு அறிஞர், 1896இல் பிறந்து 1980இல் மறைந்தவர், தன் மூன்று பிள்ளைகளையும் பக்கத்தில் இருந்து பார்த்துக் குறிப்பெழுதினார். அவருடைய மகன் 10 மாத வயதில், படுத்துக்கொண்டே ஒரு விளையாட்டு அன்னத்தையும் ஒரு சிறு பெட்டியையும் மாறி மாறிக் கீழே போட்டான். கையை ஒரு முறை நேராக நீட்டிப் போட்டான், மறுமுறை சரித்துப் போட்டான். கையை வைக்கும் இடத்தை மாற்றினால் விழும் விதமும் மாறுகிறதா என்ற சோதனை அது. வேறொருவராக இருந்தால் அன்னத்தைப் பறித்து வைத்திருப்பார். இவர் அதை எழுதி வைத்தார்.

பிள்ளை தான் கடித்த வடையை நம் வாய்க்குள் திணிக்கும் அல்லவா? அதற்கும் ஒரு சோதனை உண்டு. 1997இல் அமெரிக்காவில் பெற்றி றெபகோலி, அலிசன் கொப்னிக் என்ற இரு ஆய்வாளர்கள், பிள்ளைகளுக்கு முன்னால் இரண்டு கோப்பைகளை வைத்தார்கள். ஒன்றில் பிஸ்கற், மற்றதில் பச்சை ப்ரொக்கொலி. ஆய்வாளர் ப்ரொக்கொலியைச் சுவைத்து "ஆகா" என்றும், பிஸ்கற்றைச் சுவைத்து முகத்தைச் சுளித்தும் காட்டினார். பிறகு கையை நீட்டி "எனக்குக் கொஞ்சம் தா" என்றார். 14 மாதப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தமக்குப் பிடித்த பிஸ்கற்றையே கொடுத்தார்கள். 18 மாதப் பிள்ளைகளோ ப்ரொக்கொலியை எடுத்துக் கொடுத்தார்கள். எனக்குப் பிடித்தது வேறு, உனக்குப் பிடித்தது வேறு என்ற அறிவு அந்த நான்கு மாதத்துக்குள் வந்துவிடுகிறது. பெரியவர்கள் பலருக்கு அது இன்னும் வரவில்லை என்பது வேறு கதை.

நம் முன்னோர் இதையெல்லாம் பாராமல் இருக்கவில்லை. பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகை பிள்ளையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரிக்கிறது. கையையும் முழங்காலையும் ஊன்றித் தலையசைப்பது செங்கீரை, ஐந்தாம் மாதம். கைகொட்டுவது சப்பாணி, ஒன்பதாம் மாதம். அதன் பின் வருகை, தத்தித்தத்தி நடந்து வருவது. இந்த நாட்டில் பிள்ளை பிறந்ததும் தருகின்ற சிவப்புப் புத்தகத்தில் தாதி குறிப்பதும் ஏறக்குறைய இவைதான். புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி, சின்னக் கையை நீட்டி, தொட்டு, கவ்வி, துழாவி, நெய்ச் சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளையைப் பாடியிருக்கிறான். அரண்மனையிலும் சோறு நிலத்தில்தான் கிடந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

ஒரு விடயத்தில் மட்டும் நம் அம்மம்மாமாரைக் கேட்டுக்கொள்கிறேன். கோயில் மண்டபத்தில் இரண்டு பேரப்பிள்ளைகள் சந்தித்தால், "உங்கட பேரன் இன்னும் நடக்கேல்லையோ?" என்று ஒரு போட்டி ஆரம்பமாகிறது. உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட அளவுப்படி, தனியாக நடக்கத் தொடங்கும் வயது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை விரிந்து கிடக்கிறது. ஆகவே முந்தியவருக்குப் பரிசும் இல்லை, பிந்தியவருக்குத் தண்டமும் இல்லை. அந்தக் காலம் கடந்தும் நடக்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது இன்னொன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரேயொரு மகள். அவள் 1993இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தபோது நான் லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டு, தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருந்தேன். அடுத்த ஆண்டு, கொழும்பு வழியாக வந்த ஒருவர் கையில் ஒரு கசெற் வந்து சேர்ந்தது. ஊரில் 1990இலிருந்து மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மைத்துனர் பெடலைச் சுற்ற, அந்த டைனமோவில் பதிந்த கசெற் அது. அவர் களைத்து மெதுவாகச் சுற்றிய இடங்களில், இங்கே போட்டுக் கேட்கும்போது எல்லோருடைய குரலும் எலிக் குரலாக விரைந்து ஓடும். அதற்குள் ஓரிடத்தில் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறது. அரை நிமிடம் இருக்கும். எதற்குச் சிரிக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த அரை நிமிடத்தை நான் நாலு வருடம் கேட்டேன்.

1998இல் தாயும் மகளும் வந்து சேர்ந்தார்கள். மகளுக்கு ஐந்து வயது. விமான நிலையத்தில் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "ஆர் இந்த மாமா?" என்று கேட்டாள். சில நாள் கழித்து மனைவியிடம் கசெற்றைப் போட்டு, "இதிலை ஏன் சிரிச்சவள்?" என்று கேட்டேன். "கடகத்துக்குள்ள அடைகாத்த கோழியை இவள் எட்டிப் பிடிக்கப் போனவள். அது பறந்துபோய் அப்பான்ர தலையில இருந்தது" என்றா.

ஒரு வயதுப் பிள்ளை விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை என்னென்ன செய்யும் என்பதை, ஐம்பது வயது கடந்த பிறகு பேத்தியிடம்தான் நான் முதன்முதலாகப் பார்க்கிறேன். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களிலும் எத்தனையோ பேருக்கு இதே கதைதான். முதல் அடியைப் படத்திலும், முதற் சொல்லைக் கசெற்றிலும் பெற்றுக்கொண்ட தகப்பன்மார் நாங்கள். இடையில் பிரிந்திருந்த தாய்மாரும் உண்டு. அதனால்தான் அரிசிக்குள் றிமோட் கிடந்தாலும் எனக்குக் கோபம் வருவதில்லை.

அதனால்தான் இன்னொரு காட்சியைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. விருந்துக்குப் போகிறோம். பிள்ளை சிணுங்குகிறது. உடனே கையில் தொலைபேசியைக் கொடுக்கிறோம். "தமிழ்ப் பாட்டுத்தானே, பார்க்கட்டும். தமிழும் வரும்" என்கிறோம். வருமா? சியாற்றில் நகரில் பற்றிசியா கூல் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வொன்று இருக்கிறது. ஆங்கிலம் பேசும் வீடுகளின் 9 மாதப் பிள்ளைகளோடு, சீன மொழி பேசுபவர்கள் நேரில் இருந்து, புத்தகம் காட்டி, விளையாடினார்கள். ஒவ்வொரு முறையும் 25 நிமிடம், மொத்தம் 12 முறை. அந்தப் பிள்ளைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியப் பழகிவிட்டார்கள். அதே ஆட்கள் பேசியதைத் திரையில் பார்த்த பிள்ளைகள் பழகவில்லை. ஒலிப்பதிவை மட்டும் கேட்ட பிள்ளைகளும் பழகவில்லை. வானொலிக்காரனாகிய நானே சொல்கிறேன், என் குரல் உங்கள் பிள்ளைக்குத் தமிழ் பழக்காது. உங்கள் முகம்தான் பழக்கும். இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2019இல் சொல்லியிருக்கிறது. தூரத்து உறவினரோடு முகம் பார்த்துப் பேச நேர்ந்தால், பிள்ளையோடு நாமும் இருந்து பேசலாம்.

பிள்ளை ஒரு குழப்படி செய்துவிட்டு முதலில் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். திரும்பி நம் முகத்தைப் பார்க்கிறது. அந்த இடத்தில்தான் மொழி நுழைகிறது. "அச்சச்சோ, சட்டி விழுந்திட்டுதோ? எடுத்துத் தாங்கோ குஞ்சு" என்று ஒரு வசனம் சொன்னால் போதும். சட்டி, விழுதல், எடுத்தல், தருதல் என்று நாலு சொல் போய்ச் சேரும். தமிழ்ப் பள்ளிக்கூடம் சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கைக் குசினி நிலம் செய்துவிடுகிறது. பேரப்பிள்ளைக்கும் நமக்கும் நாளை ஒரு பொது மொழி இருக்குமா இல்லையா என்பது பெரும்பாலும் இந்த இரண்டு மூன்று வயதுக்குள் நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதில் தங்கியிருக்கிறது.

எல்லாக் குழப்படியும் சிரிப்புக்குரியது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறிய றிமோட்டுகளிலும் விளையாட்டுச் சாமான்களிலும் இருக்கும் பொத்தான் அளவுப் பற்றரியை விழுங்கினால் தொண்டைக் குழாய் சில மணித்தியாலத்தில் வெந்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். யன்னல் திரையின் கயிற்றை உயரத்தில் கட்டிவிடுங்கள். சுடு தேத்தண்ணீரை மேசை விளிம்பில் வைக்காதீர்கள். இவற்றைச் செய்துவிட்டால், மிச்சக் குழப்படியை நிம்மதியாக இரசிக்கலாம்.

உங்கள் வீட்டுக் குழப்படிகளையும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். நல்லவற்றை அடுத்த மாத நிகழ்ச்சியில் வாசிக்கிறோம். அம்மம்மா, அப்பப்பா ஆகியோரின் கையெழுத்தில் வருபவற்றுக்கு முதலிடம். இரவு வேலை முடிந்து விடியற்காலை வீடு திரும்பும் தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. படுக்கப் போகுமுன் ஒரு கால்மணி நேரம் பிள்ளையோடு நிலத்தில் இருங்கள். அது கரண்டியைக் கீழே போடும். எடுத்துக் கொடுங்கள். திரும்பவும் போடும்.