பொறுக்கத் தெரிந்த எதிர்ப்பாற்றல்



நீடித்த குடலழற்சி நோய்களான க்ரோன் நோயோ, பெருங்குடல் புண் அழற்சியோ இருப்பதாகத் தெரிந்ததும் நோயாளிகள் கேட்பது: “டாக்டர், எதிர்ப்புச் சக்தி கூட என்ன சாப்பிடலாம்?” ஆனால் அவர்கள் குடலில் எதிர்ப்பாற்றல் ஓயாமல் போரிட்டுக்கொண்டிருக்கிறது. அதை அடங்கச் சொல்லும் ஏற்பாடு பழுதுபட்டிருக்கிறது. இந்த உரையில் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

குடலின் உட்சுவரை மூடியிருப்பது ஒற்றை உயிரணு அடுக்கு. அதன்மேல் சளிப்படலம், அதற்கப்பால் கோடானுகோடி பாக்டீரியா. சுவருக்கு உள்ளே வெள்ளணுக்கள் பெருங்கூட்டமாக இருக்கின்றன. இவ்வளவு நெருக்கத்திலும் சண்டை மூளாதிருக்க, ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் இன்டர்லூகின்-10 போன்ற புரதங்களைச் சுரந்து மற்ற அணுக்களை அடக்கிவைக்கின்றன.

இன்டர்லூகின்-10இன் மரபணுவை நீக்கிய எலிகளுக்குக் குடலழற்சி வந்ததை 1993இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அத்தகைய எலிகளையே கிருமியற்ற சூழலில் வளர்த்தபோது நோய் வரவில்லை. பாக்டீரியாவும் வேண்டும், கட்டுப்பாடும் தவற வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நோய். 2009இல் மனிதரிடமும் சான்று கிடைத்தது. கைக்குழந்தைப் பருவத்திலேயே கடும் குடலழற்சி கண்ட சிலருக்கு, இன்டர்லூகின்-10இன் ஏற்பியில் மரபணுப் பிழை இருந்தது. அவர்களில் ஒரு குழந்தைக்குக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை செய்ய, நோய் தணிந்தது. பெரும்பாலான நோயாளிகளிடம் காரணம் இப்படி ஒற்றைப் பிழையாக இருப்பதில்லை. பல மரபணுக்களும் சூழலும் கூடியே சமநிலையைக் குலைக்கின்றன.

அழற்சியைத் தூண்டும் புரதங்களில் முக்கியமானது டி.என்.எஃப். அதைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் 1998இல் அமெரிக்காவில் க்ரோன் நோய்க்கு ஒப்புதல் பெற்றது. ஸ்டீராய்டுக்கும் அடங்காத பலருக்கு அது நிம்மதி தந்தது. ஆனால் காசநோய்க் கிருமியைச் சூழ்ந்து சிறைவைக்கும் அணுத்திரளைக் கலையாமல் காப்பதும் இதே டி.என்.எஃப். தான். மருந்து அதைத் தடுத்ததால் உறங்கிக்கிடந்த காசநோய் விழித்தெழுந்ததை 2001இல் மருத்துவ உலகம் பதிவுசெய்தது.

காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டு மருத்துவருக்கு இது நூலறிவோடு நிற்கும் செய்தியன்று. குடல் காசநோயும் க்ரோன் நோயும் சிறுகுடலின் கடைப்பகுதியையே பெரிதும் தாக்கும். வயிற்றுவலி, காய்ச்சல், எடைக்குறைவு இரண்டிலும் உண்டு. திசுச் சோதனையிலும் சிலநேரம் பிரித்தறிய முடியாது. காசநோயை க்ரோன் என்றெண்ணி எதிர்ப்பாற்றலைத் தணித்தால் உயிருக்கே ஆபத்து. க்ரோனைக் காசநோய் என்றெண்ணினால் மாதங்கள் வீணாகிக் குடல் சுருங்கக்கூடும். ஆகவே டி.என்.எஃப். தடுப்பு மருந்துக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் கட்டாயம் வேண்டும்.

நோயாளிகளுக்கு என் வேண்டுகோள்: மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று நீங்களாகவே முடிவுகட்டாதீர்கள். நோய் தணிந்ததும் மருந்தை நிறுத்தாதீர்கள். சக்தி கூட்டும் என்று விளம்பரப்படுத்தும் பொடிகளை நம்பி மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவ மாணவர்களே, எதிர்ப்பாற்றலின் எந்தக் கையைக் கட்டினாலும், அந்தக் கை அதுவரை எதைத் தடுத்து வைத்திருந்தது என்று முதலில் கேளுங்கள். அதைக் கேட்டபின் எழுதும் மருந்துச்சீட்டே நோயாளியைக் காக்கும்.