ஓய்வு பெற்ற குதிரையும் பரணில் இருக்கும் சேணமும்

(மகாவீர ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)



நம் சமூகத்து உழவர் குடும்பம் ஒன்று, சவாரிப் பள்ளியில் வேண்டாமென்று கழித்த பெண்குதிரை ஒன்றை மூன்று ஆண்டுகளாகத் தங்கள் தோட்டத்தில் வைத்துப் பேணி வருகிறது. அதற்கு வயது 16. முன்னங்கால் தசைநாணில் ஏற்பட்ட காயத்தால் பணியினின்று நிறுத்தப்பட்டது. இன்று அது நொண்டவில்லை, மேனியும் பளபளக்கிறது. வீட்டுப் பேரனுக்கோ சவாரி பழக ஆசை. "ஐயா, மீண்டும் இதன்மேல் சேணம் வைக்கலாமா? வேலையும் இல்லாமல் எத்தனை காலம் தீனி போடுவது?" என்று அக்குடும்பத்துப் பெரியவர் என்னை வினவினார். இவர் கேட்டது ஒன்றன்று, இரண்டு வினாக்கள். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதில்தான் இடர் இருக்கிறது.

குதிரை நமக்கு அயலானதன்று. மூன்றாம் தீர்த்தங்கரர் சம்பவநாதரின் இலாஞ்சனை குதிரையே. இல்லறத்தார்க்குரிய கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல். பெரியவரின் குதிரை இவற்றுள் கடைசி இரண்டுக்கும் இடையே நிற்கிறது. தீனி போடுகிறோமே என்று தாங்காத முதுகில் ஏறினால் நான்காவது குற்றம்; வேலை செய்யவில்லையே என்று தீனியைக் குறைத்தால் ஐந்தாவது. 400 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டுக் கிலோ வரை உலர் தீவனம் உண்ணும். நல்ல பேணுதலில் 25 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழும். ஆகவே பெரியவரின் கவலையைச் சிறிதென்று நான் தள்ளிவிடவில்லை.

ஓய்வு பெற்ற குதிரையிடம் மீண்டும் வேலை வாங்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கெய்ரோ நகரம் சான்று. முதல் உலகப் போர் முடிந்தபின் ஆங்கிலேயப் படையின் குதிரைகள் பல எகிப்தில் விற்கப்பட்டன. 1930இல் அங்குச் சென்ற டாரதி புரூக் என்னும் பெண்மணி, அக்குதிரைகள் கிழடு தட்டி, எலும்பும் தோலுமாய் நகரத் தெருக்களில் வண்டியிழுப்பதைக் கண்டார். நாளிதழுக்கு மடல் எழுதிப் பொருள் திரட்டி, சில ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 குதிரைகளை விலைகொடுத்து மீட்டார்; 1934இல் மருத்துவமனையும் நிறுவினார். மீட்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை சில நாள் ஓய்வும் உணவும் தந்தபின் மருந்திட்டு உயிர் நீக்கப்பட்டன. அம்முடிவில் நமக்கு உடன்பாடில்லை. எனினும் அப்பெண்மணியின் இரக்கத்தில் பாதியேனும் நம்மிடம் உண்டா என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

இதற்கு நேர்மாறானது கமாஞ்சி என்னும் குதிரையின் கதை. 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் படுகாயங்களோடு உயிர் தப்பிய அமெரிக்கப் படைக்குதிரை அது. அதன்மேல் எவரும் ஏறலாகாது, எவ்வேலையும் வாங்கலாகாது என்று 1878இல் படைத்தலைவர் ஆணையிட்டார். அணிவகுப்புகளில் பிறர் நடத்திச் செல்ல, முதுகில் ஆளில்லாமலே வந்து, 1891இல் வயிற்றுவலி நோயால் மடிந்தது.

அப்படியாயின் ஏறாமலிருப்பதே எப்போதும் அறமா? அதுவும் அன்று. நாள் முழுதும் மேய்ந்துகொண்டே நடக்கும் இயல்புடைய விலங்கை லாயத்தில் கட்டிவைத்தால் கொழுத்துப்போகும், மூட்டு இறுகும், குளம்பில் அழற்சி வரும். கட்டிவைத்தல் முதல் அதிசாரம் என்பதை மறவாதீர்கள். உடல் இடங்கொடுத்தால் அளவான சவாரி குதிரைக்கு நன்மையே செய்யும்.

உடல் இடங்கொடுக்கிறதா என்பதை எப்படி அறிவது? இங்கேதான் கண் ஏமாற்றும். ஓய்விலிருந்த குதிரையைப் பழக்கினால் நெஞ்சும் மூச்சும் சில வாரங்களில் வலுப்பெறும்; தசைநாணும் எலும்பும் வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். அதனால் கால்கள் அணியமாகும் முன்பே குதிரை ஓட விரும்பும். அதன் ஊக்கத்தை நாம் இசைவென்று கொள்கிறோம். காயம் ஆறிய தசைநாணிலோ வடுத்திசு இருக்கும். பழைய நெகிழ்ச்சி அதற்கு இராது. மறுமுறை அறுபடுவது அரிதன்று. நொண்டாமல் நடப்பது மட்டும் சான்றாகாது; கால்நடை மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தாக வேண்டும். பல், குளம்பு, முதுகு, இதயம் ஆகியவற்றையும் அவர் காணவேண்டும். பழைய சேணமும் பொருந்தாது. முதுகுத் தசை வற்றியிருக்கும்.

எடையைப் பொறுத்தவரை, ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது பொதுவழக்கு. முதிய குதிரைக்கு இன்னும் குறைவாக இருப்பது நன்று. பேரன் ஒல்லியானவன், அதில் தடையில்லை.

"கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்" என்று சோம்பேறியைப் பழிக்கிறோம். தமிழாசிரியனாக இப்பழமொழியைப் பல்லாண்டு வகுப்பில் விளக்கியவன் நான். அக்குதிரைக்குப் பல்வலி இருந்திருக்கலாம் என்று எந்த உரையாசிரியரும் எழுதக் காணேன்! சவாரியின்போது காதைப் பின்மடித்தல், வாலைச் சுழற்றுதல், வாயைப் பிளத்தல், தலையை உதறுதல் முதலான 24 குறிகளை சூ டைசன் என்னும் ஆங்கிலேயக் குதிரை மருத்துவர் வகுத்திருக்கிறார். அவற்றுள் எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால், அதைப் பிடிவாதமென்று கொள்ளாமல் வலியென்று ஐயுறவேண்டும். நோயாலோ முதுமையாலோ தகுதியிழந்த விலங்கிடம் வேலை வாங்குவதை 1960ஆம் ஆண்டுச் சட்டமும் குற்றமென்கிறது.

பெரியவரிடம் நான் கூறியது இதுதான். முதலில் தீனியை முடிவு செய்யுங்கள். சவாரிக்கு உதவினாலும் உதவாவிட்டாலும் சாகுமட்டும் இதற்குப் புல்லும் கொள்ளும் உண்டு என்று வீட்டார் அனைவரும் ஒப்புங்கள். தனித்துப் பேண இயலாதெனில் அறக்கட்டளையிடம் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. அதன்பிறகு மருத்துவரை அழையுங்கள். தீனிச் செலவு நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்கும்போது மருத்துவர் "ஆகாது" என்றால் அச்சொல் காதில் ஏறாது. "ஆகும்" என்றாரேல், ஆறேழு வாரம் கையிற்பிடித்து நடத்துதல், பின்பு வெறுஞ்சேணம், பின்பு கால்மணி நேர மென்னடை. வெயில் ஏறிய பொழுதில் எதுவும் வேண்டா.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின், "தீனிக்கு நான் பொறுப்பு" என்றார். ஸ்கேன் எடுக்க அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். சேணம் பரணில் இருக்கிறது. பேரன் நாள்தோறும் மாலையில் குளம்பைத் துடைத்துவிட்டு, குதிரையைக் கையிற்பிடித்து ஏரிக்கரை வரை நடத்திச் சென்று வருகிறான்.