பல்லைப் பற்றி நிற்கும் அடைப்பு

சுவருக்குச் சாந்து பூசும் கொத்தன், வழுவழுப்பான பரப்பின்மீது அப்படியே சாந்தை அப்புவதில்லை. முதலில் உளியினாற் கொத்திச் சுவரைச் சொரசொரப்பாக்குகிறான், தூசியைப் போக்குகிறான், அதன் பின்னரே பூசுகிறான். இல்லையேல் பூச்சு நாளடைவிற் பெயர்ந்து விழும். பல்லின் குழியை அடைக்கும் வைத்தியருக்கும் இதே சங்கடம் உண்டு. ஆனால், கொத்தன் அறிந்த இந்த உபாயம் பல் வைத்தியத்துக்கு வந்து சேர நெடுங்காலம் சென்றது.

19ஆம் நூற்றாண்டு முதல் பற்குழிகளை அடைக்கப் பெரிதும் பயன்பட்டது இரசக்கலவை. வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் பொடியை இரசத்தோடு குழைத்து ஆக்கப்படுவது அது. உறுதியிற் குறைவில்லை, எனினும் பல்லோடு அது ஒட்டுவதில்லை. ஆகவே, அடைப்பு கழன்றுவிடாதபடி, வாய் குறுகி உள்ளே அகன்ற குடம்போலக் குழியை வைத்தியர் குடைய வேண்டியிருந்தது. அதற்காக நோயுற்ற பகுதியோடு நல்ல பகுதியும் வெட்டப்பட்டது. அந்த இழப்பு சிறிதன்று. பல் முளைத்ததும், அதன் மேலுறையாகிய மிளிரியை ஆக்கிய உயிரணுக்கள் மறைந்துவிடுகின்றன. வெட்டிய மிளிரி மீண்டும் வளர்வதேயில்லை.

இந்நிலை மாற வழி காட்டியவர், அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் நகரிற் பணியாற்றிய மைக்கேல் புவோனோகோர் என்பவர். உலோகத் தகட்டிற் பூச்சு நன்கு ஒட்டுவதற்காகத் தொழிற்சாலைகளில் அதனைப் பொஸ்போரிக் அமிலத்தாற் கழுவுவதை அவர் அறிந்திருந்தார். அதே அமிலத்தைப் பல்லின்மீது 30 விநாடி வைத்துக் கழுவி, உலர்த்தி, செயற்கைப் பிசினை இட்டார். அமிலம் படாத பற்களிலிருந்து பிசின் சில மணி நேரத்திற் கழன்றது. அமிலம் பட்டவற்றிலோ வாரக்கணக்கில் நிலைத்தது. 1955இல் இந்த முடிவு வெளியாயிற்று.

காரணம் எளிது. மிளிரியின் எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாதுப்பொருள். அமிலம் அதனைச் சிறிது கரைத்து, கண்ணுக்குப் புலனாகாத நுண்குழிகளை உண்டாக்குகிறது. பிசின் அவற்றுள் வேர்போல இறங்கி இறுகுகிறது.

மிளிரிக்கு உள்ளே இருக்கும் பன்முதலோ வேறு இயல்பினது. அதில் தாதுப்பொருள் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கே. எஞ்சியவை கொலாஜன் நார்களும் நீருமாகும். அமிலம் தாதுப்பொருளை நீக்கியதும் நார்கள் மட்டும் வலைபோல எஞ்சுகின்றன. மிகவும் உலர்த்தினால் அவ்வலை படிந்து பிசினுக்கு வழிவிடாது. நீர் மிகுந்தாலோ பிசின் உட்புகாது. அளவான ஈரத்திற் பிசின் நார்களினூடே ஊடுருவி, பாதி பல்லும் பாதி பிசினுமான ஒரு மெல்லிய படையை ஆக்குகிறது. 1982இல் ஜப்பானிய அறிஞர் நொபுவோ நக்கபயாஷி இதனை விளக்கினார். மிளிரியிற் போலன்றி, பன்முதலில் இப்பிணைப்பு காலப்போக்கில் நீரினால் நலிவதும் உண்டு.

மற்றோர் இடையூறும் உளது. பிசின் இறுகும்போது சுருங்குகிறது. அச்சுருக்கம் பிணைப்பை இழுத்துப் பிரிக்குமாயின், விளிம்பில் இடைவெளி தோன்றும், கிருமிகள் உட்புகும், அடைப்பின் அடியிலேயே சொத்தை மீளவும் தொடங்கும். ஆதலால் ஆழமான குழியிற் பிசினைச் சிறிது சிறிதாக இட்டு, ஒவ்வொரு படையையும் ஒளியால் இறுகச் செய்வர். பிரித்தானிய அறிஞர்கள் வில்சனும் கென்ற்றும் உருவாக்கிய கண்ணாடி அயனோமர்ச் சீமெந்து, பல்லிலுள்ள கல்சியத்தோடு இரசாயன முறையில் இணைகிறது, புளோரைட்டையும் வெளிவிடுகிறது. எனினும், மெல்லும் விசையைத் தாங்குவதில் அது பிசினுக்குக் குறைந்ததே.

பொருள் எத்துணைச் சிறந்ததாயினும், அமிலம் பட்ட பரப்பில் ஒரு துளி உமிழ்நீர் படிந்தாற் பிணைப்பு கெடும். வைத்தியர் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே பஞ்சுச் சுருளை வைத்து, வாயைத் திறந்தபடியே இருக்கச் சொல்வது இதனாலேயே. அந்தச் சில நிமிடப் பொறுமை, மீண்டும் வளராத பல்லின் ஒரு பகுதியைக் காக்கிறது.