பணி முடிந்தபின் சிதையும் நுண்துகள்கள்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சுவருக்குப் பூசும் நீர்ச்சாயம், மரத்தை இணைக்கும் வெண்பசை, காகிதத்தின் மேற்பூச்சு ஆகியவை வெவ்வேறு பொருள்களாகத் தோன்றினும், அவற்றின் அடிப்படை ஒன்றே. நீரில் பரவி நிற்கும் பாலிமர் நுண்துகள்களே அந்த அடிப்படையாகும். இத்துகள்களின் பருமன் நானோமீட்டர் கணக்கில் அளக்கப்படுகிறது. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாகப் பகுத்தால், அவற்றுள் ஒரு கூறே நானோமீட்டர். நோயுற்ற உறுப்புக்கு மருந்தைச் சுமந்து செல்லவும் இத்தகைய துகள்கள் பயன்படுகின்றன.

பயன் பெரிது, ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. பணி முடிந்தபின் இத்துகள்கள் என்னவாகின்றன?

சாயத்திலும் பசையிலும் பயன்படும் பாலிமர்களுட் பெரும்பாலானவற்றின் முதுகெலும்பு, கார்பன் அணுவோடு கார்பன் அணு கோத்த நீண்ட சங்கிலியாகும். பருத்தியிலும் புரதத்திலும் உள்ள இணைப்புகளை நுண்ணுயிர்களின் நொதிகள் வெட்டவல்லன. கார்பன் சங்கிலியிலோ அவ்வாறு வெட்டுவதற்கு எளிதான இடமில்லை. ஆகவே அது மண்ணிலும் நீரிலும் நெடுங்காலம் தங்குகிறது. உடலுக்குள் செலுத்தப்பட்டாலோ, மிக நீண்ட சங்கிலிகளைச் சிறுநீரகம் வெளியேற்ற இயலாது.

தாமே கூடும் சங்கிலிகள்

இத்துகள்களை உருவாக்கும் முறையைச் சோப்பைக் கொண்டு விளக்கலாம். சோப்பு மூலக்கூற்றின் ஒரு முனை நீரை விரும்பும். மறுமுனை நீரை வெறுக்கும். நீரில் இட்டதும், வெறுக்கும் முனைகள் உள்ளே ஒடுங்க, விரும்பும் முனைகள் வெளியே சூழ, மூலக்கூறுகள் தாமே கூட்டம் கூடுகின்றன. இதுவே சுயதொகுப்பு எனப்படுவது.

பாலிமர் சங்கிலிகளையும் இவ்வாறு கூடச் செய்யலாம். பழைய முறையில், சங்கிலியை முதலில் தயாரித்து, கரிமக் கரைப்பானில் கரைத்து, பின்னர் நீரில் சேர்ப்பர். கரைப்பானை நீக்கும் வேலை மிகுதி. கிடைக்கும் கலவையோ மிக நீர்த்தது. புதிய முறையில் சங்கிலி நீரிலேயே வளர்கிறது. முதற்பகுதி நீரில் கரையும். அதன் நுனியில் வளரும் இரண்டாம் பகுதி, நீளம் கூடக் கூடக் கரையும் தன்மையை இழக்கும். அந்நிலையில் சங்கிலிகள் ஒன்றுகூடித் துகளாகின்றன. வளர்ச்சியும் தொகுப்பும் ஒரே கலத்தில் நிகழ்கின்றன. இரண்டாம் பகுதியின் நீளத்திற்கேற்பக் கோளம், புழு, உள்ளீடற்ற பை ஆகிய வடிவங்களைப் பெறலாம். சங்கிலியின் நீளத்தைக் கட்டுப்படுத்தும் வழியொன்றை ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவன அறிவியலார் 1998-இல் வெளியிட்டமை, இம்முறையின் வளர்ச்சிக்குப் பெரிதும் உதவியது.

முரண்பாடும் தீர்வும்

இனி, இத்துகளைச் சிதையச் செய்வது எவ்வாறு? சங்கிலியின் இடையிடையே நலிந்த கண்ணிகளைச் சேர்க்க வேண்டும். வளைய வடிவச் சேர்மம் ஒன்றை உடன் இட்டால், அது வளையம் திறந்து சங்கிலியில் எஸ்டர் கண்ணியாக அமையும். ஆனால் இதற்கென நெடுநாள் பயன்பட்டுவந்த வளையச் சேர்மங்கள் நீர் பட்டால் கெட்டுவிடும் இயல்பின. நீரில் செய்ய வேண்டிய துகளுக்கு நீரைத் தாங்காத மூலப்பொருள் என்னும் முரண்பாடு தடையாக நின்றது.

2019-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரு ஆய்வுக் குழுவினர், தனித்தனியே, கந்தகம் அடங்கிய ஒரு வளையச் சேர்மத்தைப் பயன்படுத்திக் காட்டினர். அது சங்கிலியில் தயோஎஸ்டர் கண்ணிகளை அமைக்கிறது. நீரில் நிகழும் பாலிமராக்கத்திற்கும் இச்சேர்மம் ஏற்றதென்பதைப் பிரெஞ்சு அறிவியலார் 2022-இல் நிறுவினர். சிறிதளவு சேர்த்தாலே போதும். ஆயிரம் அலகுகள் கொண்ட சங்கிலியில் 20 கண்ணிகள் பரவலாக அமைந்து, அவை யாவும் அறுந்தால், சராசரி 50 அலகுக்கும் குறைந்த 21 துண்டுகளே மிஞ்சும்.

ஆய்ந்து ஏற்க வேண்டியவை

எனினும் சங்கிலி அறுவது வேறு. பொருள் மண்ணோடு மண்ணாவது வேறு. எஞ்சும் சிறு துண்டுகளும் கார்பன் சங்கிலிகளே. அவற்றை நுண்ணுயிர்கள் உண்ணுமா, எத்தனை நாளில் உண்ணும், உடலுக்குத் தீங்கு உண்டா என்பனவற்றைத் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் காரத்தாலோ அமீன்களாலோ கண்ணி அறுந்தது என்பது, ஏரியிலும் வயலிலும் அவ்வாறே அறும் என்பதற்குச் சான்றாகாது. வளையச் சேர்மத்தின் விலையும் கருதத்தக்கது.

இவ்வேறுபாடு நிர்வாகத்திற்கும் முக்கியமானது. இந்தியாவில் 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த தடை, ஒருமுறை பயன்படுத்தி எறியும் குறிப்பிட்ட பிளாஸ்டிக் பொருள்களைப் பற்றியது. சாயத்திலும் பசையிலும் உள்ள துகள்கள் அப்பட்டியலில் இல்லை. பிளாஸ்டிக் கழிவு விதிகளில் 2024-இல் செய்யப்பட்ட திருத்தமோ, உயிர்வழிச் சிதையும் பிளாஸ்டிக் என்பது நுண்பிளாஸ்டிக் எதையும் விட்டுவைக்கலாகாது என வரையறுக்கிறது. எனவே "சிதையும்" என்ற சொல்லைச் சிட்டையில் கண்டதும் ஏற்காமல், எங்கே, எவ்வளவு காலத்தில், எப்பொருளாகச் சிதைகிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கேட்பதே அதிகாரிகளின் கடமை. அவ்விடைகளை அளந்து தருவது இன்றைய வேதியியல் மாணவர்களின் பணியாகும்.