தனியார் நிலத்தில் நச்சுக்களை: பார்த்தீனிய ஒழிப்பும் உடைமையாளர் கடமையும்



ஒருவருடைய நிலத்தில் முளைக்கும் களை அவருடைய சொந்தப் பொறுப்பு என்று கருதுவது வழக்கம். பார்த்தீனியத்தைப் பொறுத்தவரை இக்கருத்து பொருந்தாது. நன்கு வளர்ந்த ஒரே செடி 15,000க்கும் மேற்பட்ட விதைகளைத் தரவல்லது. காற்றும், மழைநீரும், வண்டிச் சக்கரங்களும், கட்டட வேலைக்குச் செல்லும் மண்ணும் அவ்விதைகளை வேலி தாண்டிக் கொண்டுசெல்கின்றன. ஒருவருடைய அசட்டை அண்டை வீட்டாரின் தோல் அரிப்பாகவும், மூச்சிரைப்பாகவும், உழவரின் விளைச்சல் இழப்பாகவும் முடிகிறது.

அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இக்களை 1950ஆம் ஆண்டுகளின் நடுவில் புனேயில் கண்டறியப்பட்டது. பின்னர் நாடெங்கும் பரவியது. உழவு நின்ற நிலமே இதற்கு மிக உகந்த இடம். பெங்களூரின் தெற்கே, கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய ஊர்களை ஒட்டி 1978ஆம் ஆண்டில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கர் பரப்பில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தோற்றுவித்தது. இத்தகைய தொழில் நகரங்கள் வளருங்கால், சாகுபடி கைவிடப்பட்ட வயல்களும் கட்டடம் எழும்பாத மனைகளும் சுற்றிலும் பெருகுகின்றன. உடைமையாளர் வேறு ஊரில் வாழ்கிறார். களை இங்கே பூத்துக் குலுங்குகிறது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. சென்னை மாகாணம் 1919ஆம் ஆண்டிலேயே வேளாண் பூச்சிகள், நோய்கள் ஆகியவற்றுடன் நச்சுக்களைகளையும் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. கர்நாடக அரசு, 1968ஆம் ஆண்டின் இத்தகைய சட்டத்தின் கீழ், 1975ஆம் ஆண்டில் பார்த்தீனியத்தை நச்சுக்களையாக அறிவித்தது. ஆயினும் களை ஒழியவில்லை. காரணம் எளிது. முளைத்த நான்கு முதல் ஆறு வாரங்களில் செடி பூத்துவிடுகிறது. அறிவிக்கை எழுதி, உடைமையாளரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் ஆள் அமர்த்துவதற்குள் விதை மண்ணில் உதிர்ந்துவிடுகிறது. சாலையோரமும் அரசுப் புறம்போக்கும் வெண்பூக்களால் நிறைந்திருக்கையில், தனியாரைக் கண்டிக்கும் அலுவலரின் சொல் வலுவிழக்கவும் செய்கிறது.

உயிரியல் முறையும் கையாளப்பட்டது. மெக்ஸிகோவிலிருந்து 1983ஆம் ஆண்டில் பெங்களூருக்குக் கொணரப்பட்ட சைகோகிரம்மா வண்டு, உரிய ஆய்வுகளுக்குப் பின் 1984ஆம் ஆண்டில் வெளியில் விடப்பட்டது. வண்டும் அதன் புழுவும் இலைகளை அரித்துச் செடியை நலிவடையச் செய்கின்றன. இலங்கையிலிருந்து 1926ஆம் ஆண்டில் கொணரப்பட்ட கொச்சினீல் பூச்சி தென்னிந்தியாவில் சப்பாத்திக்கள்ளியை அடக்கியதை நினைவுகூர்வோர், இவ்வண்டும் அதே பணியை முடித்துவிடும் என நம்பினர். ஆனால் வறண்ட மாதங்களில் இவ்வண்டு மண்ணுள் உறங்குகிறது. மழைக்குப்பின் அதன் எண்ணிக்கை பெருகுவதற்குள் முதல் தலைமுறைச் செடிகள் முந்திக்கொள்கின்றன.

அந்த இடைவெளியை நிரப்புவதே உடைமையாளரின் பங்கு. முதல் மழைக்குப்பின், பூப்பதற்கு முன், ஈரமண்ணிலிருந்து செடியை வேரோடு களைதல் வேண்டும். பூக்காத செடியை மட்கவைத்து உரமாக்கலாம். பயிரில்லாத இடங்களில் லிட்டர் நீருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்துத் தெளிக்கலாம். களையெடுக்கும் கூலித் தொழிலாளர்க்குக் கையுறையும் முகத்துணியும் தருவது சலுகையன்று, கடமை. வெறும் கையால் பிடுங்குவோரே தோல் நோய்க்கு முதலில் ஆளாகின்றனர்.

ஒரு மனை மட்டும் தூய்மையானால் பயனில்லை. தெருவிலுள்ள மனைகள் அனைத்தும், அவற்றோடு அரசின் சாலையோரமும், ஒரே வாரத்தில் களையெடுக்கப்படவேண்டும். அலுவலர்கள் கோடையிலேயே வெற்று மனைகளின் பட்டியலைத் தயாரித்து, மழைக்கு முன்னரே அறிவிக்கையை அனுப்பிவைத்தல் நலம். அரசு தன் நிலத்தில் முதலில் களையெடுக்குமாயின், தனியாரிடம் அதனைக் கேட்கும் தகுதியும் அதற்குத் தானே வந்துசேரும்.