கைப்பேசியும் வழிகாட்டும் துணைக்கோள்களும்

(சென்னை அடையாறில், ஊராட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



வைத்தியத்திற்கும் வாணிபத்திற்கும் சென்னைக்கு வருவோர், தியாகராய நகரிலிருந்து மயிலாப்பூருக்கு வழி அறிய இன்று கைப்பேசியையே நாடுகின்றனர். பட்டணத்தில் வழி தவறினால் சற்று நேரந்தான் வீணாகும். குக்கிராமத்தில் நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வழி தவறினாலோ, உயிரே போகக்கூடும். ஆதலால் இக்கருவி எதனை அறியும், எதனை அறியாது என்பதை நாம் தெளிவாக உணர்தல் அவசியமாகும்.

தெரிந்த இடங்களைக் கொண்டு தெரியாத இடத்தைக் கணிக்கும் வித்தை இந்நகருக்குப் புதியதன்று. 1802ஆம் ஆண்டில் லாம்ப்டன் என்பார் பரங்கிமலையருகே ஒரு நேர்கோட்டை அளந்து, அதனை அடிப்படையாகக் கொண்டு நாட்டை அளக்கத் தொடங்கினார். இன்று அத்தகைய அடையாளங்கள் வானிற் சுழல்கின்றன. ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இடைவிடாது நேரத்தை அறிவிக்கின்றன. அச்செய்தி வந்து சேரும் கால அளவைக் கொண்டு கைப்பேசி தூரத்தைக் கணிக்கிறது. நான்கு துணைக்கோள்களின் செய்தி கிட்டினால் நாம் நிற்கும் இடம் புலனாகிவிடும். நம் நாடும் 2013 முதல் இதற்கெனத் துணைக்கோள்களைச் செலுத்தியது; 2016இல் அந்த அமைப்பு ‘நாவிக்’ எனப் பெயர் பெற்றது.

இடத்தை அறியத் தொலைபேசிக் கோபுரம் இன்றியமையாததன்று. திறந்த வானம் போதும். ரங்கநாதன் தெரு போன்ற இடங்களில் உயர்ந்த கட்டிடங்களின் மேல் பட்டு அலைகள் திரும்புவதால் கணக்குப் பிசகுவதுண்டு. நம் வயல்வெளிகளில் அத்தொல்லை இல்லை. ஆனால் வழி காட்டும் வரைபடமோ, பெரும்பாலும் இணையத்தின் மூலம் வருவது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்தையும் சைதாப்பேட்டையையும் சூழ்ந்தபோது, நகரின் பல பகுதிகளில் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போயிற்று. அத்தகைய வேளையில், வரைபடத்தை முன்பே சேமித்து வைத்தவருக்குத்தான் கருவி வழி காட்டும்.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. எந்தத் தெருவில் வெள்ளம் நிற்கிறது என்பதை இத்துணைக்கோள்கள் அறியமாட்டா. அன்று அதனை வரைபடத்திற் குறித்துக் காட்டியவர்கள் பொதுமக்களே. படகுகளுடன் வந்து பலரை மீட்டவர்கள் நம் மீனவச் சகோதரர்கள்.

ஆகவே, ஊராட்சிதோறும் மூன்று காரியங்கள் செய்யலாம். மழைக்காலத்திற்கு முன்பே நம் வட்டாரத்தின் வரைபடத்தைக் கைப்பேசியிற் சேமித்து வைப்போம். பள்ளி, சுகாதார நிலையம், ஒதுக்குப்புறக் குடியிருப்புகள் ஆகியவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நேரிற் சென்று குறித்து, அலுவலகச் சுவரில் எழுதி வைப்போம். மயிலாப்பூருக்கு 13.03, 80.27 என்று குறித்தால் சுற்றுவட்டாரந்தான் தெரியும். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் எழுதினால் சுமார் 11 மீட்டர் அளவிற்கு இடம் துலங்கும். மூன்றாவதாக, மழையில் எந்தத் தரைப்பாலம் மூழ்கும், எந்த வண்டிப்பாதை சேறாகும் என்பதை முதியோரிடம் கேட்டு, அவ்வெண்களின் அருகிலேயே எழுதுவோம்.

2008 முதல் நம் மாநிலத்தில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அதனை அழைப்பவர், ஊர்ப்பெயருடன் அருகிலுள்ள கோயிலையோ குளத்தையோ சேர்த்துச் சொல்லி, ஓட்டுநருக்கு இந்த எண்களையும் அனுப்பினால், அவர் தேடி அலையும் நேரம் மிச்சமாகும். இவ்வேலைக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. கைப்பேசி வைத்திருக்கும் இளைஞர் இருவரும், ஊரறிந்த பெரியவர் ஒருவரும் போதும். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இப்பணியை முடித்துவிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.