தேதியைக் கேளுங்கள்: உப்பளப் பெண்களும் எண்டோமெட்ரியோசிஸும்

(முத்தையாபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

இந்த வட்டாரப் பெண்களின் உடல்நலம் பற்றி ஆண்டுக்கு ஒருமுறையாவது பேசவேண்டும் என்று பொருள் வைத்துச் சென்ற அம்மையாருக்கு என் அஞ்சலி. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1. எங்கள் வாக்குவாதம்

நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது முன்வரிசையில் இருக்கும் மகப்பேறு மருத்துவத் தோழர்கள் பலருக்குத் தெரியும். கருப்பையின் உள்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே, சூலகத்திலும் வயிற்றறைச் சவ்விலும் குடல் மீதும் சிறுநீர்ப்பை மீதும் வளர்ந்து, அழற்சியும் தழும்பும் வலியும் உண்டாக்குவது எண்டோமெட்ரியோசிஸ். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு, உலக அளவில் சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இதுவரை எங்களுக்குள் சண்டை இல்லை. அந்தப் பெயரை நோயாளியின் சீட்டில் எப்போது எழுதலாம் என்பதில்தான் சண்டை. வயிற்றுக்குள் லேப்பராஸ்கோப் விட்டுக் கண்ணால் பார்க்கும்வரை எழுதக்கூடாது என்பது தோழர்கள் கட்சி. நோயாளியிடம் தேதிவாரியாகக் கேட்டு, பரிசோதனையும் ஸ்கேனும் செய்தாலே எழுதலாம், சிகிச்சையும் தொடங்கலாம் என்பது என் கட்சி.

எஷ்ரே என்னும் ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி, லேப்பராஸ்கோப்பியே இறுதி அளவுகோல் என்ற நிலைப்பாட்டைக் கைவிட்டுவிட்டது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாதபோதும், மருந்து பலிக்காதபோதும் அல்லது பொருந்தாதபோதும் அதைச் செய்யலாம் என்கிறது. ஆனால் ஐரோப்பா சொன்னதற்காக நான் இதைச் சொல்லவில்லை. எனக்கு இதைக் கற்றுத்தந்தது இந்த மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் உப்பளம்.

2. சுவர்க் காலண்டர்

அந்த உப்பளத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு பெண் முப்பதைத் தாண்டியவர். இரண்டு பிள்ளைகளின் தாய். ஆண்கள் வாருபலகையால் பாத்தியிலிருந்து இழுத்துப் போடும் உப்பைப் பெட்டியில் அள்ளி, தலைச்சுமையாகத் தட்டுமேட்டில் கொண்டுபோய்க் கொட்டுவது அவர் வேலை. வெயிலுக்கு முந்த வேண்டும் என்பதால் இருட்டோடு போய்விடுவார். ஒதுங்க மறைவிடம் கிடையாது. ஆகையால் அவரும் மற்றப் பெண்களைப் போலவே தாகத்தை அடக்கிக்கொண்டு வேலை பார்ப்பவர்.

அவர் சொன்ன தொல்லைகள் நான்கு: இடுப்புவலி, நீர்க்கடுப்பு, வெளிக்குப் போகும்போது உயிர்போகிற வலி, எழுந்து நிற்க முடியாத அசதி. நான்குக்கும் வெவ்வேறு இடங்களில் காரணம் சொல்லப்பட்டிருந்தது. இடுப்புவலி சுமையால். நீர்க்கடுப்பு தண்ணீர் குடிக்காததால். வெளிக்குப் போகையில் வருவது மூலம். அசதிக்கு இரத்தசோகையும் வெயிலும். ஓரிடத்தில் இடுப்பறைக் காசநோய் என்று சந்தேகப்பட்டு மாதக்கணக்கில் மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். ஸ்கேன் சாதாரணம் என்று தாளில் இருந்தது. வயிற்றறைச் சவ்வில் மேலோட்டமாகப் படியும் திட்டுகள் பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தனித்தனியே பார்த்தால் அந்தக் காரணங்களில் எதுவும் அபத்தமில்லை. உப்பளத்துப் பெண் வந்து உட்கார்ந்தால் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது இவைதான். அதனால்தான் இந்த ஊரில் இந்த நோய் இவ்வளவு நன்றாக ஒளிந்துகொள்கிறது. ஒவ்வொரு அறிகுறிக்கும் வேலையே ஒரு விடையைத் தயாராக வைத்திருக்கிறது.

வலி எப்போது வரும் என்று கேட்டேன். “எப்பமுந்தான் இருக்கு டாக்டரம்மா” என்றார். பல ஆண்டுகள் வலியோடு இருந்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். கேள்வியை மாற்றினேன்: எந்தெந்த நாள் வேலைக்குப் போகவில்லை? அதற்கு அவரிடம் விடை இருந்தது. அன்றாடக் கூலி, கணக்கப்பிள்ளை கணக்கில் விட்டுவிடக்கூடாதே என்று வேலைக்குப் போன நாட்களை வீட்டுச் சுவர்க் காலண்டரில் சுழித்து வைத்திருந்தார். அடுத்த முறை அந்தக் காலண்டரையே கழற்றிக்கொண்டு வந்தார். வேலை இருந்த மாதங்களில் எல்லாம் சுழி இல்லாத மூன்று நான்கு நாட்கள் கொத்தாக இருந்தன. தூரம், அதாவது மாதவிலக்கு, வந்த தேதிகளைச் சொல்லச் சொன்னேன். தூரத்துக்கு முந்தைய நாள் தொடங்கி அந்தக் கொத்து அப்படியே பொருந்தியது.

இதற்கும் தோழர்கள் பதில் வைத்திருப்பார்கள்: அந்த நாட்களில் சுமை தூக்கினால் யாருக்கும் வலிக்கத்தானே செய்யும்? மழைக்காலம் பற்றி விசாரித்தேன். ஐப்பசி, கார்த்திகையில் பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர். அளத்தில் வேலை இல்லை. காலண்டரில் சுழியே இல்லை. கூட வந்திருந்த கணவர்தான் சொன்னார்: “தீவாளிக்கே குத்துயிரும் குலையுயிருமா கிடந்தா. அடுத்த மாசம் என் தங்கச்சி மக சடங்குக்கும் எந்திரிக்கல.” சுமை இல்லை, வெயில் இல்லை, வீட்டில் வேண்டிய அளவு தண்ணீர், ஒதுங்க இடம். நீர்க்கடுப்பும் வலியும் மட்டும் தேதி தவறாமல் வந்தன. வேலையைச் சாட்டிய காரணங்கள் எல்லாம் அந்த மழைக்காலத்தில் ஒருசேர விழுந்துவிட்டன.

கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, சேரும்போதும் வலிக்குமா என்று கேட்டேன். “அதுக்குத்தான வீட்ல சண்டையே” என்றார். அதற்குமுன் யாரும் அதைக் கேட்டதில்லை. மாத வலி கல்யாணமானால் சரியாகும் என்று வயசுக்கு வந்த புதிதில் பிறர் சொல்லக் கேட்டிருந்தார். பிள்ளை பெற்றால் சரியாகும் என்று கல்யாணமான பின் கேட்டிருந்தார். இரண்டும் ஆயிற்று, வலி திரும்பி வந்தது. பிள்ளைப்பேறு இந்த நோய்க்கு மருந்தில்லை. அப்படி அறிவுரை சொல்வதை நாம் நிறுத்த வேண்டும்.

டயனோஜெஸ்ட் என்னும் ஹார்மோன் மாத்திரை 2 மில்லிகிராம், தினம் ஒன்று கொடுத்தேன். சில மாதங்களில் காலண்டரில் விடுபடும் நாட்கள் குறைந்தன. மருந்து பலித்ததே நோய்க்குச் சான்று ஆகாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். என் சான்று மருந்துக்கு முன்பே அந்தக் காலண்டரில் இருந்தது.

3. மறுப்புகளுக்குப் பதில்

பார்க்காமல் மருந்து கொடுத்தால் வேறு நோயைத் தவறவிடுவோம் என்பது நியாயமான அச்சம். அதனால்தான் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டும் என்கிறேன். சூலகத்தில் பழைய இரத்தம் தேங்கிய பெரிய சாக்லேட் கட்டி, குடலிலோ சிறுநீர்க்குழாயிலோ அடைப்பு, பிள்ளையின்மை, மருந்துக்கு அடங்காத வலி என்றால் அறுவைச் சிகிச்சை பற்றி யோசிக்கத்தான் வேண்டும். கருத்தரிக்க விரும்புகிறவருக்கு ஹார்மோன் மாத்திரை உதவாது. ஆனால் பார்க்கும்வரை ஒன்றும் செய்யமாட்டோம் என்றால், காத்திருக்கும் வலியெல்லாம் நோயாளியுடையது. நோய் தொடங்கிப் பெயர் தெரியப் பல ஆண்டுகள் ஆவது உலகம் முழுவதும் உள்ள நிலை. இதற்கு நாமும் பங்களிக்க வேண்டாம்.

லேப்பராஸ்கோப்பில் பார்த்துக் குறிக்கும் நோயின் படிநிலைக்கும் வலிக்கும் பொருத்தம் இல்லை. முதல் படியில் துடிப்பவரும் உண்டு, நான்காம் படியில் வலியே அறியாதவரும் உண்டு. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தீரும் என்பதும் சரியல்ல. நோய் இருப்பது அதற்கு வெளியே.

4. வேறு இடங்களில்

இந்த நோய் வேறு இடங்களிலும் தலைகாட்டும்: சிசேரியன் தழும்பில் மாதந்தோறும் வீங்கி வலிக்கும் கட்டி. தொப்புளில் இரத்தக் கசிவு. தூரத்தின்போது மட்டும் சளியில் இரத்தம். கடைசியதைக் காசநோய் என்று முடிவுகட்டுமுன் தேதியைக் கேளுங்கள். இவை அரியவை, விரிக்க நேரமில்லை.

5. இனிச் செய்யவேண்டியவை

கிராம சுகாதார செவிலியர் கேட்கும் கேள்விகளோடு ஒன்றைச் சேர்க்கலாம்: மாதவிலக்கால் பள்ளியோ வேலையோ எத்தனை நாள் போகிறது? பள்ளி மாணவியருக்கு நாப்கின் தரும் புதுயுகம் திட்டத்திலும் இதே கேள்வி. உப்பளங்களில் கழிப்பறையும் நிழலும் தனிக் கோரிக்கை. அவை கிடைக்காதவரை நீர்க்கடுப்பின் காரணத்தைப் பிரித்தறிவது கடினம். 2019இல் தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் பெண் தொழிலாளர்களின் மாதவிடாய் வலிக்குப் பெயரற்ற மாத்திரைகள் தரப்பட்டதை தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிப்படுத்தியது. அப்பெண்களில் எத்தனை பேருக்கு இந்த நோய் என்று தேடவேண்டும். மீன் பதப்படுத்தும் கூடங்களில் குளிரில் நின்று வேலை செய்யும் பெண்களையும் பார்க்கவேண்டும். காசநோய் மருந்து தின்று பலன் காணாத பெண்களின் பழைய சீட்டுகளை எடுத்து மாதத் தேதிகளோடு ஒப்பிடலாம். முதுநிலை மாணவர் யாரேனும் இவற்றில் ஒன்றை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டால் என் குறிப்புகள் எல்லாவற்றையும் தந்துவிடுகிறேன்.